பெயருக்குக் கீழே ஒரு வரி

"பேண்ட் 1, 2, 3, 4. கிளீ கிளப் 2, 3. எஃப்.ஹெச்.ஏ. 1, 2, 3, 4. கூடைப்பந்து 1, 2. ஜூனியர் நாடகம் 3. லைப்ரரி கிளப் 4."

ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே, அவள் பெயரை ஒட்டி, சின்ன எழுத்தில் இந்த வரி இருந்தது. 1956ஆம் வருடத்துப் பள்ளி ஆண்டு மலர் அது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூர் நூலகத்தில், 2019 ஜனவரியில் நான் அதை முதன்முதலில் திறந்தேன். அந்த வரியை நான்கைந்து முறை படித்த பிறகுதான் அர்த்தம் பிடிபட்டது.

மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்காக நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாதக் கடைசியில் மைனஸ் 30ஐ ஒட்டி இறங்கி, பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டார்கள். மற்ற நாட்களில் பெரிய பேத்தியை நூலகத்தில் நடக்கும் கதை நேரத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. அவள் கதை கேட்கும் ஒரு மணி நேரம் நான் எங்கே உட்கார்வது? உள்ளூர் வரலாறு என்று எழுதிய ஓர் அலமாரி ஓரத்தில், வெப்பக் காற்று வரும் இடத்தில், ஒரு நாற்காலி இருந்தது. அந்த அலமாரி முழுக்க ஊர் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலர்கள். வருடத்துக்கு ஒன்றாக, கெட்டி அட்டையோடு, வரிசை குலையாமல் நின்றன.

32 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். எங்கள் பள்ளிகளில் ஆண்டு மலர் எப்போதாவது பொன்விழா, வைரவிழா என்றால்தான் வரும். அதிலும் முதல் இருபது பக்கம் வாழ்த்துச் செய்திகள். இங்கே ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பிள்ளையின் முகமும், பெயரும், அதற்குக் கீழே ஒரு வரியும். கையில் எடுத்ததைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்த எண்கள் வகுப்பைக் குறிப்பவை. அவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம். பிரஷ்மேன், சாபமோர், ஜூனியர், சீனியர் என்று வருடத்துக்கு ஒரு பெயர் உண்டு. 'பேண்ட் 1, 2, 3, 4' என்றால் நான்கு வருடமும் வாத்தியக் குழுவில் வாசித்தாள். 'கிளீ கிளப் 2, 3' என்றால் நடு இரண்டு வருடம் கூட்டாகப் பாடும் குழுவில் இருந்தாள். மதிப்பெண் எங்கும் இல்லை. பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையைப் பற்றி ஊர் எழுதிவைத்த கடைசி வாக்கியம், அவள் எந்தெந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக இருந்தாள் என்பதுதான்.

அந்த வருடம் படித்து முடித்தவர்கள் 23 பேர். எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு சின்னப் பள்ளி. ஆனால் கிளப்புகள் பக்கம் பக்கமாக வருகின்றன. விவசாயப் பிள்ளைகளின் எஃப்.எஃப்.ஏ., மனையியல் படிக்கும் பெண்களின் எஃப்.ஹெச்.ஏ., ஆசிரியர் ஆக விரும்புகிறவர்களின் எஃப்.டி.ஏ., மாணவர் மன்றம், பள்ளிப் பத்திரிகைக் குழு, பேச்சுப் போட்டிக் குழு, லைப்ரரி கிளப், 16 எம்.எம். படக்கருவி ஓட்டும் பையன்கள், விளையாட்டுக்கு ஆரவாரம் செய்யும் பெப் கிளப், நாடகங்கள் இரண்டு. படக்கருவிப் பையன்களின் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நால்வர். கண்ணாடி போட்ட ஒருவன் பிலிம் சுருளைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கிறான். ஓடவும் குதிக்கவும் வராத ஒருவனுக்கு, அவன் கை பட்டால்தான் வகுப்பில் படம் ஓடும் என்கிற பெருமை கிடைத்திருக்கிறது.

இவ்வளவு கிளப்புகள் தானாக முளைத்தவை இல்லை. 1918இல் அமெரிக்கக் கல்விக்குழு ஒன்று உயர்நிலைப் பள்ளி எதற்காக என்று ஏழு நோக்கங்களை எழுதிவைத்தது. உடல்நலம், அடிப்படைப் படிப்பு, நல்ல குடும்பத்தவராக இருத்தல், தொழில், குடியுரிமை, ஓய்வு நேரத்தைத் தகுதியாகக் கழித்தல், ஒழுக்கம். ஓய்வு நேரத்தைப் பள்ளிக்கூடத்தின் கடமைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்புறம்தான் வரிசையாக வந்தன. 1921இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்காக நேஷனல் ஹானர் சொசைட்டி, 1925இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் சேவைக்காகக் கீ கிளப், அதே வருடம் பேச்சுக்கும் விவாதத்துக்கும் நேஷனல் பொரன்சிக் லீக், 1926இல் பள்ளிப் பத்திரிகையாளர்களுக்காக இதே அயோவாவின் பல்கலைக்கழகத்தில் குவில் அண்ட் ஸ்க்ரோல், 1928இல் எஃப்.எஃப்.ஏ.

இந்த எஃப்.எஃப்.ஏ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'வருங்கால அமெரிக்க விவசாயிகள்' என்பது அதன் அப்போதைய பெயரின் பொருள். மிசௌரி மாநிலம் கான்சஸ் நகரத்தில் தொடங்கியது. அதற்கு முன்பே, 1917இல் ஒரு சட்டம் போட்டு, உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயம் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் பணம் கொடுத்திருந்தது. அந்த வகுப்புப் பையன்கள்தான் உறுப்பினர்கள். நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட், முதுகில் பெரிய முத்திரையும் மாநிலத்தின் பெயரும், நெஞ்சில் தங்க நூலில் அவரவர் பெயர். 1933இலிருந்து அதே ஜாக்கெட்தான். ஒவ்வொருவனும் சொந்தமாக ஏதாவது வளர்க்க வேண்டும். ஒரு கன்றுக்குட்டி, இரண்டு பன்றி, ஓர் ஏக்கர் சோளம். தீவனத்துக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று கணக்கு நோட்டு எழுதியாக வேண்டும். முதல் வருடம் சேர்ந்தவன் 'பச்சைக் கை'. பிறகு கிளை விவசாயி, மாநில விவசாயி, கடைசியில் அமெரிக்க விவசாயி என்று அந்தக் காலத்தில் படிப்படியாக ஏறினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் எருத்தேம்பதி, வடகரப்பதிப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். கேரளா என்றாலே மழை என்று நினைப்பவர்கள் எங்கள் சித்தூர்த் தாலுகாவின் கிழக்கு ஓரத்தைப் பார்த்ததில்லை. கரிசல் மண்ணும், பனையும், கடலைக்காயும், ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வருமா வராதா என்கிற கவலையுமாக இருக்கும் ஊர்கள். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன்களில் பாதிப் பேருக்கு மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் என்ன செய்வது என்று தெரியும். கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாது. ஆனால் அந்த அறிவுக்குப் பள்ளியில் உட்கார ஒரு பெஞ்சு கூட இருக்கவில்லை. சாணி வாசனையோடு வந்தால் தள்ளி உட்காரச் சொன்னோம். கன்றுக்குட்டியின் கணக்கைப் பள்ளியின் நோட்டில் எழுதச் சொல்லலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நூலகத்தில் வாரம் இரண்டு நாள் உதவிக்கு வரும் ஒரு பெரியவர் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். நான் அதே அலமாரியையே சுற்றிவருவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் 1955ஆம் வருட மலரை எடுத்து, எஃப்.எஃப்.ஏ. படத்தில் கடைசி வரிசையில் ஓரமாக நிற்கும் பையனைக் காட்டினார். அவரேதான். "நான் செண்டினல்" என்றார். வாயிற்காவலர் என்று சொல்லலாம்.

அவர் சொல்லித்தான் அந்தக் கூட்டம் எப்படித் தொடங்கும் என்று தெரிந்துகொண்டேன். தலைவர் மரச்சுத்தியலை இரண்டு தட்டுத் தட்டுவார், கூட்டம் ஆரம்பம். ஒவ்வொரு பொறுப்பாளரும் ஒவ்வோர் அடையாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தலைவர் உதய சூரியன் அருகே, துணைத் தலைவர் கலப்பை அருகே, செயலாளர் சோளக்கதிர் அருகே, பொருளாளர் ஜார்ஜ் வாஷிங்டன் படத்தருகே, செய்தியாளர் கொடியருகே. வழிகாட்டும் ஆசிரியர் ஆந்தையருகே. (அவர்களுக்கு ஆந்தை அறிவின் அடையாளம். எங்கள் பக்கம் ஆந்தை அலறினால் என்ன சொல்வோம் என்று அவருக்குச் சொன்னேன், ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.) வாயிற்காவலரின் அடையாளம் நட்பின் கேடயம். அவர் இருக்க வேண்டிய இடம் கதவுப் பக்கம். ஒவ்வொருவரும் எழுந்து, தான் எங்கே இருக்கிறேன், ஏன் அங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கதவருகே நிற்பவருக்கும் சொல்ல வரிகள் உண்டு. இந்தக் கதவு வழியாக நண்பர்கள் பலர் வருகிறார்கள், அவர்களுக்கு இது எப்போதும் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது என் கடமை, அறையை ஒழுங்காக வைத்திருப்பதும் என் கடமை என்கிற பொருளில் வரும் வரிகள்.

அந்தப் பெரியவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். நூலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கையை ஒழுங்காகப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, அறுபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த வரிகளைத் தடையில்லாமல் சொன்னார். பள்ளியில் படித்த வேறு எதுவும் அப்படி நினைவில் இல்லை என்றார். "வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் வயிற்றைக் கலக்கும். இதை மட்டும் சொல்லிவிடுவேன்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஏன் என்று சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் சாகித்ய சமாஜம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படித்த எவருக்கும் அது தெரிந்திருக்கும். முதலில் ஈஸ்வரப் பிரார்த்தனை, பிறகு சுவாகதம், அத்யக்ஷ பிரசங்கம், ரிப்போர்ட், பாட்டு, கதை, மோனோ ஆக்ட், கடைசியில் நன்றி. தமிழ் டிவிஷனில் இருந்தாலும் இந்த மலையாளச் சொற்களைத்தான் நாங்கள் சொன்னோம். வரவேற்புரை என்று நான் முதலில் கேட்டது கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போன பிறகு. நான் இரண்டு வருடம் செகரட்டரி. ரிப்போர்ட் நோட்டில் போன வாரம் நடந்ததை எழுதி எழுந்து வாசிக்க வேண்டும். "சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு" என்று தொடங்கும்போது வகுப்பே அடங்கும். அந்த அமைதியை நான் உண்டாக்கினேன் என்கிற எண்ணம் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் ஆசிரியை ஆனதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

ஆனால் சமாஜத்தில் பேசினவர்கள் எப்போதும் அதே எட்டுப் பேர். பாக்கி முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தோம், அல்லது கேட்பதுபோல் இருந்தோம். எட்டாம் வகுப்பில், 1973இல், ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ஒரு வேஷம் கொடுத்தார்கள். தோழி வேஷம், நான்கு வசனம். இருபது நாள் ஒத்திகை. பட்டுப் பாவாடை சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று கடைசி வாரம் சொன்னார்கள். வீட்டில் இல்லை. கேட்டு வாங்கி வருகிறேன் என்று நான் சொல்வதற்குள் வேஷம் வேறொருத்திக்குப் போய்விட்டது. விழா அன்று நான் பந்தலின் பின்வரிசையில் உட்கார்ந்து அந்த நான்கு வசனத்தையும் அவளோடு சேர்ந்து உதடசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனாலும் அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஆண்டு மலருக்கு வருகிறேன்.

எஃப்.ஹெச்.ஏ. பக்கம் பார்த்தபோதுதான் கணக்குப் போட்டேன். 1956இல் பதினெட்டு வயது என்றால் 1938இல் பிறந்தவர்கள். என் அம்மாவும் 1938. 'வருங்கால இல்லத்தரசிகள்' என்று பெயர் வைத்த அந்த அமைப்பு 1945இல் சிகாகோவில் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையும் அவர்கள் நிறம், சிவப்பு ரோஜா அவர்கள் பூ, 'புதிய அடிவானங்களை நோக்கி' என்பது குறிக்கோள் வாசகம். தைத்த உடுப்பைத் தாங்களே போட்டுக்கொண்டு ஊருக்குக் காட்டும் நிகழ்ச்சி, அம்மாக்களுக்கு விருந்து, கேக் விற்றுக் காசு சேர்த்தல் என்று அவர்களுடைய வருடம் போயிருக்கிறது. பெண்ணை அடுப்படிக்குத் தயார் செய்யும் வேலைதானே என்று இன்றைய பெண்கள் கோபப்படலாம். கோபம் நியாயம். நானும் அதை மறுக்கவில்லை. எஃப்.எஃப்.ஏ.யில் பெண்களைச் சேர்க்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பன்றி வளர்க்கத் தெரிந்த பெண்ணும் ரோஜாப் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் வைத்தார்கள். ஒருத்தி எழுந்து முன்மொழிய, ஒருத்தி வழிமொழிய, கை தூக்கி எண்ணினார்கள். கேக் விற்ற காசுக்குக் கணக்கு வாசித்தார்கள்.

கூட்டம் நடத்தும் அந்த முறைக்கும் ஒரு கதை உண்டு. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்கிற ராணுவப் பொறியாளரை ஒருமுறை ஒரு சர்ச்சுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் கலாட்டாவாகப் போனது. இனி விதி தெரியாமல் தலைமை ஏற்பதில்லை என்று முடிவு செய்து, தேடித் தேடிப் படித்து, 1876இல் விதிப்புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பெரிய சபைகள் முதல் பள்ளிக்கூடக் கிளப்புகள் வரை அந்த நாட்டில் அதைத்தான் பின்பற்றினார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும், எதிர்க் கருத்தைக் கேட்க வேண்டும், தோற்றவரும் அடுத்த வேலையில் சேர வேண்டும். பதினைந்து வயதில் கேக் விற்பனையைப் பற்றி விவாதித்துப் பழகியவர்களுக்குப் பிறகு பஞ்சாயத்துக் கூட்டம் பயம் தராது.

அதே வயதில் அம்மா வேலந்தாவளம் பக்கம் கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் படித்தபோது சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளமானபோது அவருக்கு எந்த மாநிலம் என்பதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை என்று சொல்வார். அந்த அயோவாப் பெண்கள் படித்து முடித்து ஆறு மாதம் ஆகியிருக்கும் அப்போது.

கூடைப்பந்துப் படமும் அப்படித்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அரைக்கால் உடுப்பில் பெண்கள், முட்டியில் காப்பு, கண்ணில் தைரியம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் காலத்தில் பெண்கள் வேறு பள்ளியோடு போட்டியிடுவதையே தவிர்த்தார்கள். உடம்புக்கும் மனசுக்கும் ஆகாது என்பது எண்ணம். அயோவாவின் சிற்றூர்கள் கேட்கவில்லை. 1925இல் மாநில விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைக் கைவிடப் பார்த்தபோது, சின்ன ஊர்களின் பள்ளி நிர்வாகிகள் பிரிந்துபோய்ப் பெண்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். மூவர் பந்து போட, மூவர் தடுக்க. நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. 1993 வரை இந்த ஆறு பேர் ஆட்டம் அங்கே இருந்தது. மாநிலப் போட்டிக்கு ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு டெ மொய்னுக்குப் போகும் என்று பெரியவர் சொன்னார். எங்கள் ஊரில் மாரியம்மன் சாட்டுவிழாவுக்குப் போவதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்டியம், ராணித் தேர்வு, பிராம் என்கிற விருந்து நடனம் எல்லாமும் மலரில் உண்டு. ஜூனியர் வகுப்புப் பிள்ளைகள் பத்திரிகைச் சந்தா சேர்த்தும், விளையாட்டு நாளில் தின்பண்டம் விற்றும் சீனியர்களுக்காக அந்த விருந்தை நடத்துவார்களாம். அழகான படங்கள்தான். என் மனம் அங்கே நிற்கவில்லை.

மனம் நின்றது இல்லாத முகங்களில். அந்த ஊரில் வெள்ளையர் மட்டும்தான் என்று பெரியவர் சொன்னார். தெற்கு மாநிலங்களில் பள்ளிகளே தனித்தனி. கறுப்பினப் பையன்களுக்கு எஃப்.எஃப்.ஏ. கிடையாது, என்.எஃப்.ஏ., அதாவது 'புதிய அமெரிக்க விவசாயிகள்' என்று தனி அமைப்பு. கறுப்பும் பொன்னும் அவர்கள் நிறம். இரண்டும் ஒன்றானது 1965இல். 1954இல் உச்ச நீதிமன்றம் தனிப் பள்ளி செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் ராணுவக் காவலோடு நுழைந்தார்கள். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. வகுப்பில் உட்காரலாம், ஆனால் பாட்டுக் குழுவிலோ விளையாட்டிலோ கிளப்பிலோ சேரக் கூடாது என்பது அவர்களுக்கு விதித்த நிபந்தனை. மின்னிஜீன் பிரவுன் என்கிற பெண் நன்றாகப் பாடுவாள். அவளைப் பாட விடவில்லை. சட்டம் கதவைத் திறந்த பிறகும் மேடைக்குப் போகும் படியை எடுத்துவிட்டார்கள். பாடத்தைவிட இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், ஏன் அதை மட்டும் அவ்வளவு கவனமாகத் தடுத்தார்கள் என்று யோசிக்க வேண்டும்.

1956 மலரில் இன்னொரு படமும் உண்டு. ஒரு பையன், சட்டைக் கழுத்து கொஞ்சம் பெரிது. பெயர் இருக்கிறது. பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லை. 23 பேரில் அவன் ஒருவனுக்குத்தான் அந்த வெற்றிடம். பெரியவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவன் அப்பா சீக்கிரம் போய்விட்டார், மாடு கறக்க வீட்டுக்கு ஓட வேண்டும் என்றார். பள்ளி பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்காகத்தான் பகல் நேர அட்டவணையிலேயே கிளப்புகளுக்கென்று ஒரு பீரியட் ஒதுக்கினார்கள் என்று நான் படித்திருந்தேன். அதையும் மீறி ஒரு பிள்ளை நழுவிப்போயிருக்கிறான். "நாங்கள் கூப்பிட்டிருக்க வேண்டும்" என்றார் அவர். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் 32 வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் பெயருக்குக் கீழே அந்த வெற்றிடம் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். சப்ஜில்லா கலோல்சவம் என்கிற உபமாவட்டப் பள்ளிக் கலைவிழாவுக்குத் தமிழ்ப் பிரசங்கம், தமிழ்ப் பத்யம் சொல்லல் என்று பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். ஏ கிரேடு வாங்கித் திரும்பும்போது பஸ்ஸிலேயே பாட்டுப் பாடிக்கொண்டு வருவோம். மலையாளப் பிள்ளைகள் நிறைந்த அந்த மைதானத்தில் தமிழுக்கும் ஒரு மேடை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பள்ளிக்கு ஓர் ஐட்டத்துக்கு ஒரு பிள்ளைதான். நான் குரல் நன்றாக இருக்கும் பிள்ளையைத்தான் எடுத்தேன். எடுக்காத பிள்ளைகள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் பட்டுப் பாவாடையை மறந்திருந்தேன்.

மே மாதம் ஊர் திரும்பினோம். போனில் எடுத்துவந்த படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். 81 வயது அவருக்கு அப்போது. எஃப்.ஹெச்.ஏ. பெண்களின் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "எல்லாம் என் வயசுங்கிறாயா கண்ணு?"

"ஆமாம்மா. நீங்க பொறந்த அதே வருசம்."

"இவளுக எல்லாம் இப்ப உசுரோட இருக்காளுகளா?"

தெரியலீங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துல மாரியம்மன் சாட்டுல கும்மிக்கு நான்தான் முன்னடி எடுத்துக் குடுப்பேன். பன்னெண்டு பேரு என் கால பாத்துத்தான் அடிப்பாளுக" என்றார். அதை எனக்கு அவர் முன்பு சொன்னதே இல்லை. நான் நோட்டை எடுத்து, அம்மாவின் பெயரை எழுதி, கீழே 'கும்மி, முன்னடி' என்று எழுதிக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

எங்கள் ஊர் வாசகசாலையில் பாலவேதி உண்டு. கேரளத்தில் நூலகம் இருக்கும் பல கிராமங்களில் இருக்கும், பிள்ளைகளுக்கான கூட்டம். ஊர் திரும்பிய பிறகு அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இடையில் கொரோனாவில் நின்று, மறுபடி ஆரம்பித்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பிள்ளைகள் வரை வருகிறார்கள். நான் செய்த மாற்றம் ஒன்றுதான். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடமும் சொல்ல ஒரு வாக்கியமும் உண்டு. தலைவர் பனையோலை விசிறி வரைந்த அட்டைப் பக்கம், செயலாளர் கடலைச்செடி அட்டைப் பக்கம், தண்ணீர்ப் பானைக்கு ஒருவர், செருப்பு வரிசைக்கு ஒருவர், புத்தக அடுக்குக்கு இருவர். எல்லோரும் எழுந்து தங்கள் இடத்தைச் சொன்ன பிறகுதான் பாட்டும் கதையும். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய பெரிய நோட்டும் வைத்திருக்கிறோம்.

ஒரு பையன் வருவான். அப்பா பனையேறுகிறவர். பேச்சு திக்கும். முதல் இரண்டு மாதம் வெளித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். "உள்ள வா கண்ணு" என்றால் தலையாட்டுவான், வர மாட்டான். சரி என்று கதவையே அவனிடம் கொடுத்தேன். "கதவுப் பக்கம் நான் இருக்கிறேன். வருகிறவர்களை உள்ளே கூப்பிடுவது என் வேலை." இதுதான் அவன் வாக்கியம். முதல் வாரம் 'கதவு' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டான். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். கிழக்குக் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு முழுதையும் சொல்லி முடித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தேதி எழுதுவதும், பக்கங்களில் வேலையை ஏற்றுவதும் செயலாளர் பெண்ணின் பொறுப்பு. அவன் பக்கத்தில் 'கதவு 1, 2. புத்தக அடுக்கு 2' என்று அவள் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில், பென்சிலில், அழுத்தி எழுதி ஒருமுறை அழித்து மறுபடி எழுதியது போல, அவன் கையெழுத்து.

'கதவு 3. கதை சொன்னது 3.'